ஆபத்து கண்முன் வந்து நின்றால் நாம் திருப்பி அடிப்போமா?

#1 தாமிரபரணிக்காரன்

கடையம் வீடியோ மறுபடியும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். 2019 ஆகஸ்ட் 11, ஞாயிறு இரவு. கடையம் பக்கம் கல்யாணிபுரம், அப்போது நெல்லை மாவட்டம், இப்போது தென்காசி. தோட்டத்து வீட்டு வாசலில் எழுபதை ஒட்டிய பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முகத்தை மூடிய ஒருவன் பின்னாலிருந்து வந்து கழுத்தில் துணியைப் போட்டு இறுக்குகிறான். பெரியவர் நாற்காலியோடு சாய்கிறார். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வரும் அவர் மனைவி, வந்த வேகத்தில் செருப்பை எடுத்து அவன் மேல் வீசுகிறார். அடுத்து கைக்கு என்ன கிடைத்ததோ அது. இன்னொருவனும் வந்து சேர்கிறான். அவர்களிடம் அரிவாள், இவர்களிடம் பிளாஸ்டிக் நாற்காலி. கடைசியில் ஓடியது அரிவாள்காரர்கள். நான்கே நாளில் சுதந்திர தின விழாவில் முதலமைச்சர் கையால் வீரதீர விருது.

வீடியோவுக்குக் கீழே மாமா, சித்தப்பா எல்லோரும் ஒரே வசனம்: "நான் இருந்திருந்தா கதையே வேற." இதே ஆட்கள்தான் 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் அந்த இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, பிளாட்பாரத்தில் நின்றவர்களை "கோழைகள்" என்று திட்டித் தீர்த்தார்கள்.

என் கேள்வி நேரானது. நம்மில் எத்தனை பேர் கடையம், எத்தனை பேர் பிளாட்பாரம்? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிளாட்பாரம்தான், நான் உட்பட, என்று நினைக்கிறேன்.

#2 பூட்டுச்சாவி

நான் ஓடிவிடுவேன். இதில் எனக்குக் கூச்சமே இல்லை. வீட்டில் இரண்டு குழந்தைகள், ஒரு ஹோம் லோன்.

#3 கரிசல்காட்டு ராசா

அதெல்லாம் மண்ணில் இருக்க வேண்டும் நண்பரே. தென்மாவட்டத்துக்காரன் ரத்தமே வேறு. மெட்ராஸ்காரன் கையில் செல்போன் இருக்கும், எங்கள் ஊர்க்காரன் கையில் கம்பு இருக்கும்.

#4 பூட்டுச்சாவி

@கரிசல்காட்டு ராசா, அரிவாளோடு வந்த இரண்டு பேரும் எந்த மண் அண்ணே?

#5 மருதாணி

நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். "மண், ரத்தம்" என்ற பேச்சைக் கேட்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு நாள் இரவு வார்டில் ஒரு நோயாளி இறந்துவிட்டார். அவர் மகன் குடித்திருந்தான். டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பயிற்சி டாக்டரை அடிக்கப் போனான். டாக்டர் சுவரோரம் ஒட்டிக்கொண்டார். நான் கையில் ட்ரேயோடு நின்றேன். ட்ரேயைக் கீழே வைக்கலாம், கத்தலாம், செக்யூரிட்டியைக் கூப்பிடலாம் என்று இப்போது வரிசையாகத் தோன்றுகிறது. அப்போது ஒன்றும் தோன்றவில்லை. ட்ரேயில் இருந்த ஊசிகள் உருண்டுவிடக் கூடாது என்பதில்தான் முழுக் கவனமும் இருந்தது. எங்கள் ஆயாம்மா, என் தோள் உயரம்கூட இருக்க மாட்டார், நேராகப் போய் "டேய், அத கீழ வை. உங்கப்பன் முகத்த ஒரு தடவ பார்த்தியா நீ?" என்றார். அவன் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டான்.

ஆயாம்மாவுக்கு என்னைவிட வீரம் அதிகம் என்று நான் நினைக்கவில்லை. அவர் வீட்டிலும் தெருவிலும் குடிகாரர்களை அதட்டி அதட்டியே காலம் தள்ளியவர். அவர் உடம்புக்கு அது பழகிய வேலை. என் உடம்புக்கு அது முதல் தடவை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அடி விழும்போது "சண்டை போடு" அல்லது "ஓடு" என்று இரண்டே வழிதான் உண்டு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மூன்றாவது ஒன்று உண்டு: உறைந்துபோவது. கை கால் அசையாது, குரல் வராது, நினைவு மட்டும் இருக்கும். ஸ்டாக்ஹோம் நகரில் பாலியல் வன்முறைக்குப் பின் அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களை ஆராய்ந்து 2017-இல் ஒரு கட்டுரை வந்தது. அவர்களில் 70 சதவீதம் பேர் அந்த நேரத்தில் குறிப்பிடத்தக்க அளவு உறைந்துபோயிருந்தார்கள். பாதிக்குப் பாதி பேருக்கு அது மிகக் கடுமையாகவே இருந்திருக்கிறது. இது அவர்கள் எடுத்த முடிவு இல்லை, உடம்பு தானாகச் செய்தது. "ஏம்மா நீ கத்தல?" என்று ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் கேட்கிறார்களே, அந்தக் கேள்வியைக் கேட்கும் ஒவ்வொருவரையும் ஒரு ராத்திரி எங்கள் வார்டில் நிறுத்த வேண்டும்.

#6 டிக்கெட் பரிசோதகர்

(பெயர்தான் அப்படி, நான் தினமும் கடற்கரை–தாம்பரம் ரயிலில் போகிற சாதாரணப் பயணி.)

நுங்கம்பாக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த நேரத்தில் ஒரு பிளாட்பாரத்தில் நின்று பார்க்க வேண்டும். காலை ஆறரை மணி. பாதிப் பேருக்குத் தூக்கமே கலைந்திருக்காது. எல்லோர் கண்ணும் வண்டி வரும் திசையில் இருக்கும். பக்கத்தில் யாரோ இருவர் பேசுகிறார்கள், திடீரென்று ஒரு சத்தம். அது சண்டையா, விழுந்துவிட்டார்களா, என்ன என்று மூளைக்கு எட்டுவதற்குள் வெட்டியவன் ஓடிவிட்டான். அந்த நொடிகளுக்காக யாரையும் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எனக்குக் கோபம் அதற்குப் பிறகு நடந்ததில்தான். அந்தப் பெண்ணின் உடல் இரண்டு மணி நேரம் அங்கேயே கிடந்தது. அப்போது நிலையத்தில் ஒரு கண்காணிப்புக் கேமராகூட இல்லை. தடுக்காமல் போனது வேறு, அப்புறமும் ஒன்றும் செய்யாமல் போனது வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுகிறோம்.

அடிப்பது மட்டும்தான் எதிர்ப்பா என்றும் கேட்க வேண்டும். 2008 நவம்பர் 26 இரவு, மும்பை சிஎஸ்டி நிலையம். ஏகே 47-உடன் இரண்டு பேர் சுட்டுக்கொண்டே வருகிறார்கள். அறிவிப்பு அறையில் இருந்த விஷ்ணு ஜென்டே, மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்று பயணிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் யாரையும் அடிக்கவில்லை. இந்த இழையின் கணக்குப்படி அவர் கடையமா, பிளாட்பாரமா?

#7 நூலகத்து எலி

"கூட்டம் என்றாலே வேடிக்கை பார்க்கும்" என்ற நம்பிக்கைக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. 1964 மார்ச் 13, நியூயார்க், க்யூ கார்டன்ஸ். கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் விடிவதற்கு முன்னால் குத்திக் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில், முப்பத்தெட்டு பேர் அரை மணி நேரம் ஜன்னலில் நின்று பார்த்தும் போலீஸைக் கூப்பிடவில்லை என்று செய்தி வந்தது. உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் ஏறிய கதை இது.

உண்மையில் நடந்தது வேறு மாதிரி. ஒருவர் ஜன்னலைத் திறந்து "அந்தப் பெண்ணை விடு" என்று கத்தினார், கொலைகாரன் ஓடினான். பிறகு திரும்பி வந்து, கட்டடத்தின் பின்வாசல் பக்கம், பெரும்பாலோர் கண்ணில் படாத இடத்தில், மறுபடி தாக்கினான். முழுவதையும் பார்த்தவர்கள் மிகச் சிலர். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர், கொலைகாரன் இன்னும் அங்கே நிற்கிறானா என்று தெரியாமலேயே இறங்கிப் போய் கிட்டியை மடியில் பிடித்துக்கொண்டார். அவர் பெயர் சோபியா ஃபாரர். அந்த முதல் பக்கச் செய்தியில் அவரைக் காணவில்லை! அது பிழையான செய்தி என்று அதே பத்திரிகை 2016-இல் எழுதியது.

அதற்காகக் கூட்டத்தின் பாதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1968-இல் லத்தானே, டார்லி என்ற இருவர் நடத்திய சோதனையில், பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்கச் செய்தார்கள். தான் ஒருவன்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் ஓய்வதற்குள் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான்.

ஆனால் அது ஆய்வகம். தெருவில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் மூன்று ஊர்களின் கேமராப் பதிவுகளை எடுத்தார்கள். 219 சண்டைகள். பத்துக்கு ஒன்பதில் யாராவது ஒருவராவது தலையிட்டிருக்கிறார். ஆள் கூடக்கூட, யாராவது தலையிடும் வாய்ப்பும் கூடியது. 2019-இல் வெளியானது. தலையிடுவது என்றால் சினிமா சண்டை இல்லை. நடுவில் போய் நிற்பது, தோளைப் பிடித்து இழுப்பது, விழுந்தவரைத் தூக்குவது. பெரும்பாலும் அரிவாள் இல்லாத சண்டைகள் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

#8 தாமிரபரணிக்காரன்

அந்த அரிவாள் விஷயம்தான் என் கேள்வியே. கைகலப்பில் விலக்கிவிட நானும் போவேன். வெட்டு விழும் இடத்தில்?

#9 கரிசல்காட்டு ராசா

ஒருத்தன் முதலில் இறங்கினால் போதும், பின்னாலேயே பத்துப் பேர் வருவார்கள். முதல் ஆள் இல்லாததுதான் பிரச்சினை.

#10 லா சப்பல் தம்பி

ராசா அண்ணை சொன்னதில ஒரு உண்மை இருக்கு. நான் பாரிஸில் இருக்கிறேன். இங்கே அடிக்கடி பேசப்படுகிற ஒரு சம்பவம்: 2015 ஆகஸ்ட் 21, ஆம்ஸ்டர்டாமில் இருந்து பாரிஸுக்கு வந்துகொண்டிருந்த தாலிஸ் ரயில். கலாஷ்னிகோவ் துப்பாக்கி, கைத்துப்பாக்கி, கத்தி, நூற்றுக்கணக்கான தோட்டாக்களுடன் ஒருவன் கழிவறையில் இருந்து வெளியே வருகிறான். வண்டியில் ஐந்நூறுக்கு மேல் சனம்.

எல்லாருக்கும் தெரிந்த கதை "மூன்று அமெரிக்க இளைஞர்கள் மடக்கினார்கள்" என்பது. ஆனால் முதல் ஆள் அவர்கள் இல்லை. கழிவறைக் கதவடியில் அவனோடு முதலில் கட்டிப் பிடித்தது ஒரு பிரெஞ்சு வங்கி ஊழியர். தன் பெயரையே வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர். இரண்டாவது ஆள் மார்க் மூகாலியன், ஆங்கிலம் படிப்பிக்கிறவர். பெரிய துப்பாக்கியைப் பறித்தேவிட்டார். அவரைக் கைத்துப்பாக்கியால் பின்னாலிருந்து சுட்டான். அதற்குப் பிறகுதான் அந்த அமெரிக்கர்களில் ஒருவரான ஸ்பென்சர் ஸ்டோன் இருக்கையில் இருந்து எழும்பி ஓடினார், பின்னால் அவருடைய இரண்டு நண்பர்களும், ஒரு பிரிட்டன்காரரும். ஸ்டோனுக்குக் கழுத்திலும் கையிலும் வெட்டு. அந்த நிலையிலும் மூகாலியனின் கழுத்தில் இரத்தம் பாய்ந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு பயணிகூடச் சாகவில்லை.

மூவரில் இரண்டு பேர் படையில் இருந்தவர்கள், அது ஒன்று. துப்பாக்கி இடையில் சிக்கி வேலை செய்யாமல் போனது இரண்டு. அது சிக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு வேறு மாதிரிப் பேசிக்கொண்டிருப்போம்.

எங்கட ஊர்க் கதையையும் சொல்லாமல் போக மனமில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். பெரிய பையோடு வந்தவனில் சந்தேகப்பட்டு, பையை வெளியே வைத்துவிட்டு வா என்று அவனை உள்ளே விடாமல் முற்றத்தில் மறித்தவர் கட்டட வேலை எடுத்துச் செய்கிற ஒரு சாதாரண குடும்பஸ்தர். குண்டு வெளியிலேயே வெடித்தது. அவரும் போனார், முற்றத்தில் நின்ற பிள்ளைகளும் போனார்கள். உள்ளே நிரம்பியிருந்த சனம் தப்பியது. அவர் கையில் ஒரு தடி கூட இருக்கவில்லை. கேள்வி ஒன்று கேட்டார், வழியை விடவில்லை, அவ்வளவுதான்.

#11 ஜவ்வாதுமலை

"முதல் ஆள் இறங்கினால் பத்துப் பேர் வருவார்கள்" என்று கொண்டாடுவதற்கு முன்னால் எங்கள் மாவட்டத்து முதல் ஆளையும் பார்த்துவிடலாம். 2018 மே, போளூர் பக்கம் அத்திமூர். குலதெய்வம் கோயிலுக்குச் சென்னையிலிருந்து உறவினர்களோடு காரில் வந்த வயதான அம்மா ஒருவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். "பிள்ளை பிடிக்கிறவர்கள்" என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவியிருந்த நேரம். கூட்டம் சேர்ந்து அடித்தே கொன்றுவிட்டது.

அங்கே யாரும் உறைந்துபோகவில்லை. யாரும் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் இல்லை. அடித்தவர்கள் ஒவ்வொருவரும் தான் ஊர்க் குழந்தைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். எதிரே இருப்பவர் திருப்பி அடிக்க மாட்டார் என்று தெரிந்தால் நமக்கு வீரத்துக்குப் பஞ்சமே வராது. அந்தக் கூட்டத்தில் "நிறுத்துங்கடா" என்று குறுக்கே விழுந்திருக்க வேண்டிய ஒருவர்தான் எனக்கு உண்மையான வீரர். அவருக்கு ஆபத்து வெளியாளிடமிருந்து இல்லை, சொந்த ஊரிடமிருந்து.

#12 கரிசல்காட்டு ராசா

இதையும் அதையும் முடிச்சுப் போடாதீர்கள். அது வதந்தி, இது திருடன்.

#13 ஜவ்வாதுமலை

அடிக்கும்போது அவர்களுக்கு அது வதந்தி என்று தெரியாதே.

#14 வக்கீல் குமாஸ்தா

சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். தற்காப்பு உரிமை முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. உங்கள் உடலைக் காப்பதற்கு மட்டுமல்ல, முன்பின் தெரியாத ஒருவரின் உடலைக் காப்பதற்கும் இந்த உரிமை உண்டு. உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம், பாலியல் வன்முறை, கடத்தல், அமில வீச்சு போன்ற சூழலில் தாக்கியவன் செத்தே போனாலும் அது குற்றமில்லை.

எல்லை என்னவென்றால், தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது. அவன் அரிவாளைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓட ஆரம்பித்தால் உங்கள் உரிமையும் அத்தோடு முடிந்தது. துரத்திப் போய்க் கைகாலை உடைத்தால் வழக்கு உங்கள் மேல். அதனால் கூட்டமாகப் பிடித்துக் கட்டிவைத்து அடிப்பதெல்லாம் தற்காப்புக் கணக்கில் வராது. ராசா அவர்கள் கவனிக்கவும்.

நடைமுறையில் ஸ்டேஷனில் முதலில் எஃப்ஐஆர் உங்கள் மேலும் விழலாம், தற்காப்பு என்று பின்னால் நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும். ஜனங்கள் ஒதுங்குவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றமும், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் சொன்னது சாலை விபத்துகளுக்குத்தான். கத்திக்குத்துக்குக் குறுக்கே விழுந்தவருக்கு அப்படி ஒரு தனிச் சட்டப் பாதுகாப்பு இல்லை.

#15 டல்லாஸ் மணி

இங்கே அமெரிக்காவில் ஆபீஸிலேயே இதற்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஓடு, முடியாவிட்டால் ஒளிந்துகொள், வேறு வழியே இல்லாவிட்டால் அடி. வரிசை முக்கியம், அடிப்பது மூன்றாவது. எஃப்பிஐ 2000 முதல் 2013 வரை நடந்த 160 துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்தது. 21 இடங்களில் ஆயுதமே இல்லாத ஆட்கள் சுட்டவனை மடக்கியிருக்கிறார்கள், அதில் பாதி பள்ளி ஆசிரியர்கள், ஊழியர்கள், மாணவர்கள். போலீஸ் அல்லாத, துப்பாக்கி வைத்திருந்தவர்கள் திருப்பிச் சுட்டு நிறுத்தியது 5 இடங்களில்தான். "எல்லோர் கையிலும் துப்பாக்கி இருந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லும் நண்பர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

மருதாணி அக்கா சொன்ன உறைநிலைக்கு ஒரு உதாரணம். 2023 ஜனவரி, கலிஃபோர்னியா. மான்டெரி பார்க் நடன அரங்கில் 11 பேர் உயிரைப் பறித்தவன், அடுத்து பக்கத்து ஊர் அல்ஹாம்ப்ராவில் இன்னொரு அரங்குக்குப் போனான். அங்கே முன்னறையில் இருந்தவர் பிராண்டன் சே, வயது 26, குடும்பத் தொழிலான அந்த அரங்கைக் கவனித்துக்கொள்பவர். துப்பாக்கியைப் பார்த்ததும் முதலில் உறைந்துபோனதாகவும், சாகப்போகிறோம் என்று நினைத்ததாகவும் அவரே பேட்டியில் சொன்னார். அவன் சுடத் தயாராவதைப் பார்த்ததும் பாய்ந்து துப்பாக்கியைப் பிடித்துவிட்டார். கட்டிப் புரண்டு, அடி வாங்கி, கடைசியில் பிடுங்கியேவிட்டார். உறைந்தவன் உறைந்தபடியேதான் இருப்பான் என்றில்லை.

#16 சிலம்பக்கா

மதுரையில் பெண்களுக்குத் தற்காப்பு சொல்லித்தருகிறேன், சிலம்பமும் உண்டு. இழையை முழுதும் படித்தேன். ஆண்கள் எல்லோரும் முகம் தெரியாத கொலைகாரனைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னிடம் வரும் பெண்களுக்கு ஆபத்து பெரும்பாலும் தெரிந்த முகம். பஸ்ஸில் பக்கத்து சீட், டியூஷன் சார், அத்தை மகன்.

கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 முதலாண்டு மாணவிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் துண்டுப்பிரசுரம். ஒரு வருடத்தில் பாலியல் வல்லுறவுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம், பெறாதவர்களில் 9.8 சதவீதம். 2015-இல் வெளியான ஆய்வு. அந்தப் பயிற்சியில் அடி உதை ஒரு பகுதிதான். ஆள் எல்லை மீறுவதைச் சீக்கிரமே கண்டுகொள்வது, தெரிந்தவன் ஆயிற்றே என்ற தயக்கத்தை விடுவது, வாயைத் திறந்து மறுப்பது, இதெல்லாம் பெரும் பகுதி.

என் வகுப்பில் முதல் நாள் கம்பையே தொடவிட மாட்டேன். கத்தச் சொல்வேன். கத்த வராது. சிரிப்பார்கள், வாயைப் பொத்திக்கொள்வார்கள், "அக்கா, பக்கத்து வீட்ல கேக்கும்க்கா" என்பார்கள். கேட்கட்டும் என்றுதானே கத்தச் சொல்கிறேன்! கல்லூரியில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பெண்ணுக்குக்கூட "ஏய்" என்ற ஒரு சொல் அடிவயிற்றிலிருந்து வர நாலைந்து வாரம் ஆகிறது. பிறந்ததிலிருந்து "மெல்லப் பேசு" என்று வளர்த்துவிட்டு, ஆபத்தில் மட்டும் குரல் வர வேண்டும் என்றால் எங்கிருந்து வரும்?

கூட்டத்தில் உதவி கேட்கும்போது பொதுவாக "யாராவது காப்பாத்துங்க" என்று கத்தாதீர்கள். ஒருவரைக் கையைக் காட்டிக் கூப்பிடுங்கள்: "நீலச் சட்டை அண்ணா, இவனப் பிடிங்க", "கண்ணாடி போட்ட அக்கா, 112-க்கு போன் போடுங்க." நூலகத்து எலி சொன்ன 31 சதவீதக் கதைக்கு எனக்குத் தெரிந்த மருந்து இதுதான். கூப்பிடப்பட்டவர் நகர்ந்தால் மற்றவர்களும் நகர்வார்கள்.

செயின் பறிப்புக்கு மட்டும் என் விதி தலைகீழ். பைக்கில் வந்து இழுத்தால் விட்டுவிடுங்கள், பிடித்துத் தொங்காதீர்கள். அந்தக் கடையம் அம்மாவின் சங்கிலியும் போய்விட்டது, கையிலும் வெட்டுப்பட்டது. அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அவர் சங்கிலிக்காகச் செருப்பை வீசவில்லை, கழுத்து நெரிபட்ட புருஷனுக்காக வீசினார்.

#17 மருதாணி

அந்தக் கடைசி வரிதான் சரி அக்கா. எங்கள் ஆயாம்மாவும் அந்த டாக்டரைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்.

#18 தாமிரபரணிக்காரன்

அப்படியானால் என் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன். சொந்த மனிதருக்காக என்றால் நம்மில் நிறையப் பேர் கடையம்தான். பிளாட்பாரத்தில் நிற்கும் முன்பின் தெரியாத பெண்ணுக்காக?

#19 பூட்டுச்சாவி

அதற்கும் ஓடத்தான் செய்வேன் என்று எழுத வந்தேன். ஆனால் கண்ணாடி போட்ட என்னை யாராவது கையைக் காட்டிக் கூப்பிட்டால் போன் கட்டாயம் போடுவேன். இப்போதைக்கு அவ்வளவுதான் உறுதி தர முடியும்.

#20 கரிசல்காட்டு ராசா

சிலம்பக்கா, வகுப்பு எந்த ஏரியாவில்? தங்கச்சி மதுரையில்தான் படிக்கிறாள்.

#21 சிலம்பக்கா

மாட்டுத்தாவணி பக்கம் தம்பி, ஞாயிறு காலை. தனிச்செய்தியில் விவரம் அனுப்புகிறேன். தங்கச்சியைக் கொண்டுவந்து விடும்போது நீங்களும் உள்ளே வந்து ஒரு தடவை கத்திக் காட்டுங்கள், கம்பு அப்புறம்.